சாலைக்கு வராத கார்

மாருதி என்றதும் நம் கண்ணில் நிற்பது 800தான். டிரைவிங் ஸ்கூல்காரரின் எல் போர்டு மாட்டிய வண்டி, மாமா வாங்கிய முதல் கார், மழைத்தண்ணீரில் நின்றுபோய் நாலு பேர் இறங்கித் தள்ளிய கார். அதைச் செய்தது மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம், 1981-இல் பிறந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே அதே பெயரில், அதே குர்கான் மண்ணில் வேறொரு நிறுவனம் இருந்தது. மாருதி லிமிடெட். 1971 ஜூனில் பதிவாகி, 1977-இல் படுத்து, 1978-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி கலைக்கப்பட்டது. அதன் நிர்வாக இயக்குநர் சஞ்சய் காந்தி. தொடங்கியபோது அவருக்கு வயது 24. அவருடைய அம்மா நாட்டின் பிரதமர்.

இந்த நிறுவனத்தைப் பற்றித் தில்லியில் இரண்டு தீர்ப்புகள் புழங்குகின்றன. கார் என்பது வெறும் சாக்கு, நிலத்தையும் வங்கிப் பணத்தையும் வளைத்துப்போட நடந்த நாடகம் என்பது ஒன்று. காலத்துக்கு முன்னால் பிறந்த கனவு, லைசென்ஸ் ராஜ்யமும் எதிர்க்கட்சிகளும் அதை நசுக்கிவிட்டன, 800 அந்தக் கனவின் பலிதம் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்கிறவர்கள் நெருக்கடி நிலையை மறக்காதவர்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் 800-ஐ ஓட்டியவர்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஆவணங்களை விரித்துப் பார்த்தால் இரண்டுமே தேறவில்லை என்பது என் கட்சி.

ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. மாருதி விவகாரத்தை மட்டும் விசாரிக்க 1977-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.சி. குப்தா தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. 1979-இல் அறிக்கை தந்தது. நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனிலும் மாருதியின் நிழல் விழுகிறது. 1980-இல் ஆட்சி மாறியதும் ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் புழக்கத்திலிருந்து மறைந்துபோயின. முப்பது ஆண்டு கழித்து, 2010-இல், அதைத் தேடியெடுத்து மறுபடி அச்சேற்றியவர் எம்.பி.யாக இருந்த நம் இரா. செழியன். இந்த விஷயத்தில் தமிழ் வாசகனுக்குச் சற்றே உரிமை உண்டு என்று நான் நினைக்க அதுவும் ஒரு காரணம்.

முதலில் சஞ்சய்க்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். கார் நிறுவனம் தொடங்கித் தோற்பது இழுக்கு அல்ல. கார் பிறந்த காலத்தில் அதுதான் வழக்கம். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கார் நிறுவனங்கள் முளைத்தன. பல, சைக்கிள் பட்டறையாகவோ குதிரைவண்டிக் கொட்டகையாகவோ இருந்தவை. நாலைந்து ஆண்டில் பெரும்பாலானவை இருந்த இடம் தெரியாமல் போயின. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் கதை அவற்றில் எனக்குப் பிடித்தது. கிளாஸ்கோவில் அலெக்ஸ் கோவன் என்பவர் தொடங்கிய நிறுவனம், வண்டிகள் நன்றாகவே ஓடின, விற்கவும் செய்தன. அந்தத் தெம்பில் 1906-இல் அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் சலவைக்கல் படிக்கட்டும் பொன்முலாம் குவிமாடமுமாக அரண்மனை போல ஒரு தொழிற்சாலையைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே கோவன் இறந்தார். 1908-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. புதுப் பெயரில் எழுந்து 1914-இல் மறுபடி விழுந்தது. கட்டடத்தின் அளவுக்கு விற்பனை வரவில்லை, அவ்வளவுதான். முகப்பைப் பார்த்துக் கடன்காரர்கள் மயங்கவில்லை. இந்த ஆர்கைலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலோ தோற்பதற்கே அனுமதி வேண்டியிருந்தது. ஜி.டி. நாயுடு 1952-இல் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகக்கூடிய கார் செய்தார், அரசு உரிமம் தரவில்லை என்ற கதை கோவையில் இன்றும் சொல்லப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சியில் சங்கர்ராவ் குல்கர்ணி 'மீரா' என்ற குட்டிக் காரைப் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்துபார்த்தார். அதுவும் கடைத்தெருவுக்கு வரவில்லை. சந்தையில் இருந்தவை மூன்று. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடர், ஃபியட்டின் வழிவந்த பிரீமியர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மலிவான சிறிய கார் ஒன்று வேண்டும் என்று எல்.கே. ஜா குழு ஆராய்ந்து சொன்னது 1960-ஐ ஒட்டி. ஆக, சிறிய கார் என்ற யோசனை சஞ்சயின் மூளையில் உதித்ததல்ல. அரசு அலுவலகக் கோப்புகளில் அது ஏற்கெனவே தூசி படிந்து கிடந்தது.

1960-களின் நடுவில் அவர் இங்கிலாந்தின் க்ரூ நகரில், ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தார். மூன்றாண்டுப் பயிற்சியை முடிக்காமலே திரும்பினார். முடிக்கவில்லை என்பதையே அவருடைய எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். அதைவிட, எங்கே பயின்றார் என்பதை அவர்கள் கவனித்திருக்க வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிகளை, செலவைப் பற்றிக் கவலையின்றி, கையால் இழைத்து இழைத்துச் செய்த இடம் க்ரூ. ஏழை நாட்டுக்கு மலிவான காரை லட்சக்கணக்கில் செய்ய நினைப்பவன் போய்க் கற்க அதைவிடப் பொருந்தாத பள்ளி உலகில் இல்லை. மூன்றாண்டும் முழுசாக இருந்திருந்தாலும் ஆறாயிரம் ரூபாய்க் காருக்கு அங்கே பாடம் கிடைத்திருக்காது.

ஆறாயிரம் என்பதுதான் அவர் சொன்ன விலை. 1968 நவம்பரில் அமைச்சர் ரகுநாத ரெட்டி மக்களவையில் சஞ்சயின் கார் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னபோது பேச்சு அதுதான். வட தில்லியில், ரோஷனாரா பாக் பக்கம் உள்ள குலாபி பாக்கில் ஒரு ஷெட்டில் வேலை தொடங்கியது. கூடவே அர்ஜன் தாஸ் என்ற மெக்கானிக். மோட்டியா கானின் பழைய இரும்புக் கடைகளிலும் ஜாமா மஸ்ஜித் பக்கத்துக் காயலான் கடைகளிலும் கிடைத்ததைக் கொண்டு முதல் மாதிரி உருவானது. இந்தக் கட்டத்தைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரதமரின் மகன் கிரீஸ் படிந்த கையோடு ஷெட்டில் நின்றது உண்மையான உழைப்பு. பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். பணம் சுருட்ட மட்டுமே வந்தவன் மோட்டியா கானில் அலைய மாட்டான். முதல் தீர்ப்பு இங்கேயே விரிசல் காண்கிறது.

ஆனால் ஷெட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கார் உடலைத் தில்லியின் எந்த டிங்கர் கடையிலும் தகடு தட்டிச் செய்துவிடலாம். என்ஜின் அப்படிப்பட்டதல்ல. சிலிண்டர் பிளாக்கைப் புழை இல்லாமல் வார்க்க வேண்டும். துளையை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள் கடைய வேண்டும். கிராங்க் ஷாஃப்டுக்கும் பற்சக்கரத்துக்கும் சரியான சூட்டுப் பதம் ஏற்ற வேண்டும். அதையும் ஒரு முறை செய்துகாட்டினால் போதாது. ஐம்பதாயிரமாவது என்ஜினும் முதல் என்ஜினின் பாகத்தை மாட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அதற்கு வார்ப்பு அச்சுகள், ஜிக்குகள், அளவுக் கருவிகள், நூற்றுக்கணக்கான உதிரிபாகச் சப்ளையர்கள். இவற்றுக்குப் பல ஆண்டும் பல கோடியும் ஆகும். ஒரு வண்டியைச் செய்தவனுக்குக் கார் செய்யத் தெரியும் என்று சொல்லலாம். கார்த் தொழில் தெரியும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பள்ளத்தின்மீது அரசு ஒரு தாளை விரித்தது. 1970 செப்டம்பர் 30-இல் கிடைத்த விருப்பக் கடிதம் ஆண்டுக்கு 50,000 கார் செய்ய அனுமதித்தது. அன்று நாட்டின் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வருடத்தில் செய்த கார்களே அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. வெளிநாட்டுக் கூட்டு கூடாது, இறக்குமதிப் பாகம் கூடாது, எல்லாம் உள்நாட்டிலேயே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. அனுபவம் இல்லாத ஒருவருக்கு, நாட்டின் மொத்த உற்பத்தியைவிடப் பெரிய அளவை, உலகில் எவரிடமும் கற்றுக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு கொடுத்தார்கள். சலுகை என்று எல்லோரும் திட்டிய அந்தக் கடிதத்தை நான் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே பார்க்கிறேன். மறுக்கும் தைரியம் அரசில் எவருக்கும் இல்லை. வெல்லும் வழியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

நிலம் ஹரியானா முதல்வர் பன்சி லால் வழியாக வந்தது. தில்லியை ஒட்டிய குர்கானில், ஏறக்குறைய 300 ஏக்கர் விவசாய நிலம். வெடிமருந்துக் கிடங்குக்கு அருகில் கட்டடம் எழக் கூடாது என்ற பாதுகாப்பு விதி குறுக்கே நின்றது. அது ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. விலை குறைவு என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் ஓயவில்லை. நிலத்தை இழந்த உழவர்களைப் பற்றி இரண்டு தீர்ப்புக்காரர்களும் அதிகம் பேசுவதில்லை. இன்று அங்கே ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்டால் பேசுவார்கள். 1972-இல் பிரகதி மைதானத்தில் நடந்த ஆசியா 72 கண்காட்சியில் மாதிரிக் கார் காட்சிக்கு வந்தது. டீலர்களிடமிருந்து இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் முன்பணம் திரண்டது. சிறு நகர வியாபாரிகள் ஷோரூமுக்கு இடம் பிடித்து, பெயர்ப்பலகை எழுதிக் காத்திருந்தார்கள். 1974 ஜூலையில் முழு உரிமமும் கிடைத்தது. தொடர் உற்பத்தி என்று சொல்லத்தக்க எதுவும் அதற்குப் பிறகும் நடக்கவில்லை. சொன்ன விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இதற்குள் கார் நிறுவனம் வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த கம்பெனிகள் இரண்டு. மாருதி டெக்னிகல் சர்வீசஸ் என்பது குடும்பத்தாரின் பங்குகளைக் கொண்டது; கார் செய்யும் தொழில்நுட்பத்தை மாருதி லிமிடெட்டுக்கு விற்பது அதன் வேலை. தொழில்நுட்பமே இல்லாத வீட்டில் ஒரு அறை இன்னொரு அறைக்கு அதை விற்றது. மாருதி ஹெவி வெஹிகிள்ஸ் என்பது ரோடு ரோலர் செய்தது. பழைய என்ஜின்களைச் செப்பனிட்டுப் பொருத்தி மாநில அரசுகளுக்கு விற்றது. மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பஸ் பாடி கட்டும் வேலையும் வந்தது. மக்களுக்குக் கார் தர வந்தவர்கள், தட்டிக்கழிக்க முடியாத ஒரே வாடிக்கையாளரிடம், அதாவது அரசிடம், போய்ச் சேர்ந்தார்கள். நெருக்கடி நிலையில், ஆட்சியைக் கிண்டல் செய்த 'கிஸ்ஸா குர்ஸி கா' படத்தின் சுருள்கள் மாருதி வளாகத்தில் எரிக்கப்பட்டதாக வழக்கு நடந்தது. 1979-இல் தில்லி நீதிமன்றம் சஞ்சயையும் நெருக்கடி நிலையில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வி.சி. சுக்லாவையும் தண்டித்தது, பிறகு உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

சஞ்சய் தரப்பின் வாதங்களில் இரண்டு கனமானவை. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை எகிறியது. நாட்டில் கார் விற்பனையே விழுந்தது. அந்த நேரத்தில் யார் தொடங்கியிருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார் என்பதுதானே வாக்குறுதி? மற்றவர்களின் பெரிய வண்டிகளுக்குக் கஷ்டமான காலம், கையில் தயாரான சிறிய வண்டி இருந்திருந்தால் இவருக்கு நல்ல காலமாக ஆகியிருக்கலாம். கையில் அது இல்லை. அடுத்தது, முழு உள்நாட்டுத் தயாரிப்பு என்ற நிபந்தனை. இது அரசுக்கு எதிரான நல்ல வாதம். சஞ்சய்க்கு ஆதரவான வாதமாகத் தேறுமா என்பது சந்தேகம். நிபந்தனையைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார். வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்பதைத் தன் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்.

அம்மாவின் வாதம் ஒன்றும் உண்டு. முயற்சியுள்ள இளைஞனாக என் மகனையே நான் ஊக்குவிக்காவிட்டால் மற்றவர்களின் பிள்ளைகளைத் துணிந்து தொழிலில் இறங்கச் சொல்வது எப்படி என்ற பொருளில் இந்திரா காந்தி பேசியிருக்கிறார். கேட்கத் தாயுள்ளமாகத்தான் இருக்கிறது. இச்சல்கரஞ்சியில் குல்கர்ணியும் ஒரு தாயின் பிள்ளைதான். அவருக்கு 300 ஏக்கர் யாரும் கொடுக்கவில்லை.

வழக்கின் மையம் என்று நான் நினைப்பது வேறு. எந்தத் தொழிலிலும் உள்ளேயும் வெளியேயும் 'இது ஆகாது' என்று சொல்லச் சிலர் இருப்பார்கள். கணக்குப் பார்க்கும் வங்கிக்காரர், சோதிக்கும் பொறியாளர், கேள்வி கேட்கும் அதிகாரி, விவரம் கோரும் எம்.பி. மாருதியில் இவர்கள் ஒவ்வொருவரும் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பிரதமரின் செயலகத்தில் எல்லாமாக இருந்த பி.என். ஹக்ஸர் இந்தத் திட்டம் வேண்டாம் என்றார். 1973 தொடக்கத்தில் அவர் அங்கே இல்லை. சென்ட்ரல் பேங்க் தலைவர் தனேஜா மாருதிக்குத் தாராளமாகக் கடன் நீட்ட மறுத்தார். அவருக்குப் பதவி நீட்டிப்புக் கிடைக்கவில்லை. ஷா கமிஷன் எடுத்து விசாரித்த நிகழ்வுகளில் அதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் மோசமானது 1975 ஏப்ரலில் நடந்தது. மாருதி, நிபந்தனைக்கு மாறாக இறக்குமதி எந்திரங்களைப் பயன்படுத்துகிறதா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி. பதில் தயாரிக்க விவரம் சேகரித்தார்கள் நான்கு அதிகாரிகள். அது அவர்களின் அன்றாட வேலை. சி.பி.ஐ. அவர்கள் வீடுகளில் சோதனை போட்டது, வழக்குகள் பாய்ந்தன. நெருக்கடி நிலை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கார்க் கம்பெனியைப் பற்றிக் கேட்டதற்காக, அந்தக் காலத்தின் ஒத்திகை முன்கூட்டியே நடந்திருக்கிறது. மூன்றரை ஆண்டுக்குப் பின், 1978 டிசம்பர் 19-இல், சிக்மகளூரிலிருந்து தேர்வாகி வந்திருந்த இந்திரா காந்தியை மக்களவை பதவிநீக்கித் திகார் சிறைக்கு அனுப்பியது. காரணம், இந்த நான்கு பேரைத் தொல்லைப்படுத்திச் சபையின் வேலையைத் தடுத்த உரிமை மீறல். நெருக்கடி நிலையில் சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்காக அல்ல, துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்ததற்காகவும் அல்ல. சாலைக்கே வராத ஒரு காரைப் பற்றிய கேள்விக்காக. தண்டனை சரியா, அப்போது ஆண்ட ஜனதாக்காரர்களின் பழிவாங்கலா என்பது தனி வழக்கு. எனக்கு அதில் பழிவாங்கும் வாடை கொஞ்சம் அதிகமாகவே அடிக்கிறது. குற்றம் நடந்தது என்பதில் சந்தேகமில்லை.

இப்போது ஆர்கைலுக்குத் திரும்பலாம். அரண்மனை கட்டிய இரண்டே ஆண்டில் அதைச் சந்தை மூடியது. அந்த வீழ்ச்சியில் போட்ட பணம் போனது, அதோடு சரி. மாருதி 1974-லேயே விழுந்திருக்க வேண்டிய நிறுவனம். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கடன் ஏறிவிட்டது, கார் இல்லை. சாதாரண ஆளின் கம்பெனியாக இருந்திருந்தால் அந்த ஆண்டே ஏலத்துக்கு வந்திருக்கும். 27 வயது இளைஞர் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு, பாடம் படித்து, வேறு வேலை பார்த்திருப்பார். அவரைத் தோற்கவிடவில்லை. அதிகாரத்தைக் கொண்டு முட்டுக்கொடுத்து, மூன்று ஆண்டு நிற்க வைத்தார்கள். கடனை மறுத்த வங்கிக்காரரை அகற்றுவது எப்படி, விவரம் கேட்ட அதிகாரியை அடக்குவது எப்படி, மாநில அரசைச் சாமான் வாங்க வைப்பது எப்படி என்ற வித்தையெல்லாம் அவர் குர்கானில் பழகியதுதான். 1975 ஜூனுக்குப் பிறகு அதே வித்தை நாடெங்கும் நடந்தது.

எனவே மோசடி என்ற முதல் தீர்ப்பை நான் தள்ளுகிறேன். பணம்தான் நோக்கம் என்றால் இதைவிடச் சுலபமான வழிகள் தில்லியில் அன்றும் இருந்தன. அவர் கார் செய்யவே விரும்பினார், செய்யத் தெரியவில்லை. மோசடியை விடக் கடுமையான குற்றச்சாட்டு என்னுடையது: தெரியவில்லை என்பதை எடுத்துச் சொல்ல உரிமையுள்ள அத்தனை பேரின் வாயையும் ஒரு நிறுவனத்துக்காக அரசு அடைத்தது. சுருட்டிய பணத்தைக் கணக்குப் போட்டு மீட்கலாம். அடைத்த வாய்களை அப்படி மீட்க முடியாது.

கனவு பலித்தது என்ற இரண்டாவது தீர்ப்பு இன்னும் பலவீனமானது. 1980 ஜூன் 23-இல் சஞ்சய் ஓட்டிய சிறு விமானம் சப்தர்ஜங் அருகே விழுந்து அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டத்தின் மூலம் மாருதியின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. துக்கத்தில் இருந்த தாயின் முடிவு அது. தொழில் கணக்கில் யாரும் அதை எடுத்திருக்க மாட்டார்கள். இந்த ஒரு கண்ணி மட்டும் பழைய மாருதிக்கும் புதியதற்கும் இடையில் உண்மையானது. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தது. பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்து, திருச்சி பாய்லர் தொழிற்சாலையில் பெயரெடுத்து, பி.எச்.இ.எல். தலைவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தி வந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆர்.சி. பார்கவா வந்தார். 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம் ஆனது. ஓடிப் பார்த்துத் தேறிய 796 சிசி என்ஜினும், அதைச் செய்யும் முறையும், கேன்டீனில் மேலாளரும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கும் வழக்கமும் ஜப்பானிலிருந்து வந்தன. பழைய மாருதிக்கு மறுக்கப்பட்டு, மறுக்கப்பட்டதையே அது பெருமையாகப் பேசிக்கொண்ட வெளிநாட்டுக் கூட்டுதான் புதியதன் உயிர். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: புதிய மாருதியும் அரசின் செல்லப்பிள்ளையாகவே வளர்ந்தது. வித்தியாசம், அதன் அதிகாரிகளுக்குக் 'கூடாது' என்று சொல்ல இடம் இருந்தது.

கனவுக் கட்சிக்கு நான் விட்டுக்கொடுப்பது ஒன்றே. நடுத்தரக் குடும்பம் சிறிய காருக்காகக் காத்துக்கிடக்கிறது என்று 1968-இல் அவர் போட்ட கணக்குச் சரி. விலையைத்தான் தப்பாகப் போட்டார். 1983 டிசம்பர் 14 அன்று முதல் 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தபோது அதன் விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. சஞ்சய் சொன்னதைப்போல எட்டு மடங்கு. அந்தத் தேதி சஞ்சயின் பிறந்த நாள். வண்டிக்குள் இருந்த என்ஜின் சுசுகியினுடையது, நிலம் குர்கான் உழவர்களுடையது, பெயர் மட்டும் பழையது.